வரைபலகையும் கடிகாரமும்: கட்டடக்கலைத் தொழிலில் பணிநேரத்தின் வரலாறு

முன்னுரை

தமிழில் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கோயில்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பல்லவர் குடைவரை, சோழர் கற்றளி, நாயக்கர் மண்டபம் என அது காலவரிசையில் விரிகின்றது. கட்டுவித்த மன்னனின் பெயரை நாம் அறிவோம். தஞ்சைப் பெரிய கோயிலைப் பொறுத்தவரை குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று, கட்டியவனின் பெயரும் கல்வெட்டில் நமக்குக் கிடைத்துள்ளது. ஆயினும் ஒரு கட்டடத்தை எண்ணி வரைந்தவர்கள் நாளின் எப்பொழுதில் வரைந்தனர், எத்தனை நாழிகை வரைந்தனர், அவ்வேளையில் அவர்தம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டனர் என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை. மேலை நாட்டு வரலாற்றாசிரியர்களும் இவற்றை அண்மைக்காலத்தில்தான் எழுப்பத் தொடங்கினர்.

அயல்நாட்டில் வாழும் தமிழரிடையே இவ்வினாவுக்கு இன்று ஒரு நேரடிப் பொருத்தம் உண்டு. இலண்டன், தொராந்தோ, சிட்னி முதலிய நகரங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள், மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் பழகிய வழிகளினின்று விலகிக் கட்டடக்கலை பயிலச் செல்கின்றனர். பெண் பிள்ளைகள் பலர். மகள் இரவு இரண்டு மணிக்கு மாதிரி உருவை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு, "இது என்ன படிப்பு?" என்று கேட்கும் பெற்றோரை இக்கட்டுரையாளர் அறிவார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிசு நகருக்குச் செல்ல வேண்டும்.

பன்னிரண்டு மணிநேர அறையும் தள்ளுவண்டியும்

கட்டடக்கலைக் கல்வியின் மேலைநாட்டு மரபைப் பெரிதும் உருவாக்கியது பாரிசில் இருந்த எக்கோல் தெ போசார் என்னும் நுண்கலைப் பள்ளி. அங்குக் கற்பித்தல் போட்டிகள் வழியே நடந்தது. போட்டி அறிவிக்கப்படும் நாளில் மாணவர் ஒவ்வொருவரும் லோஜ் எனப்பட்ட சிறு அறையில் தனித்து அமர்ந்து, 12 மணிநேரத்திற்குள் ஒரு முதல் வரைவைத் தீட்டித் தரவேண்டும். அதன் படியை எடுத்துக்கொண்டு நகரில் உள்ள தம் ஆசிரியரின் பட்டறைக்குச் செல்வார். ஏறத்தாழ இரண்டு மாதம் உழைத்து அதனைப் பெரிய வண்ண வரைபடங்களாக விரிப்பார். முதல் வரைவின் அடிப்படைக் கருத்தினின்று இறுதி வரைபடம் பிறழ்ந்தால் போட்டியினின்று நீக்கப்படுவார்.

இம்முறையில் இரு வேறு காலங்கள் அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவது இறுக்கமாக அளக்கப்பட்ட காலம். பன்னிரண்டு மணி அடித்தவுடன் அது முடிந்துவிடும். இரண்டாவது அளக்கப்படாத காலம். இரண்டு மாதத்தில் எப்போது வரைவது என்பது மாணவரின் விருப்பம். அளக்கப்படாத அந்தக் காலம் முழுவதும் கடைசி சில இரவுகளில் வந்து குவிந்தது. இறுதி நாளில் பட்டறைதோறும் சென்று வரைபடங்களைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்ல வந்த தள்ளுவண்டிக்குப் பிரெஞ்சு மொழியில் ஷாரெத் என்று பெயர். மாணவர் சிலர் வண்டியின் மேலேயே ஏறி அமர்ந்து வண்ணம் தீட்டி முடித்தனர் என்றும் கூறுவர். அச்சொல்லே காலப்போக்கில் விடியவிடிய வரையும் வேலைக்குப் பெயராயிற்று. எமில் ஸோலா 1886இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், பாரிசுக் கட்டடக்கலை மாணவரின் அத்தகைய இரவொன்று விரிவாக இடம்பெற்றுள்ளது. இன்றும் பல நாடுகளின் கட்டடக்கலைப் பள்ளிகளில் அச்சொல் வழங்குகின்றது. வண்டி போய்விட்டது, இரவு மட்டும் நின்றுவிட்டது.

பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் மூத்த மாணவரின் வரைபடங்களுக்கு இரவில் உதவவேண்டும் என்பது எழுதாச் சட்டம். பின்னாளில் தாம் மூத்தவரானதும் புதியவரின் உழைப்பைத் தாம் பெறலாம். ஊதியமில்லா இரவு உழைப்பு ஒருவகைக் கடனாகத் தலைமுறைதோறும் கைமாறியது இவ்வாறுதான். இப்பழக்கத்தைத் தோழமை என்று புகழ்ந்து எழுதியோர் பலர். அதில் தோழமை இருந்தது உண்மையே. ஆனால் அத்தோழமைக்குள் நுழைய இரவு முழுவதும் தங்கக்கூடிய ஓர் உடலும், வீட்டில் எவரும் காத்திராத ஒரு வாழ்வும் தேவைப்பட்டன.

அப்பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவில் சேர்ந்த முதற் பெண் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜூலியா மார்கன். நுழைவுத் தேர்வைப் பலமுறை எழுதி 1898இல் இடம்பெற்றார். மாணவராயிருக்க 30 வயது என்ற வரம்பு அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. 1902இல் சான்றிதழ் பெற்று ஊர் திரும்பினார். 1919 முதல் செய்தித்தாள் முதலாளி ஹெர்ஸ்ட்டுக்காக சான் சிமியோன் மலையில் ஒரு மாளிகையைக் கட்டும் பணியை ஏற்றார். வார நாள்களில் சான் பிரான்சிஸ்கோ அலுவலகத்தில் பிற கட்டடங்களைக் கவனித்துவிட்டு, வார இறுதியில் இரவுத் தொடர்வண்டியேறிச் சென்று மலைமேல் பணிகளை மேற்பார்வையிட்டு, மீண்டும் இரவுத் தொடர்வண்டியில் திரும்பித் திங்கட்கிழமை காலை தம் வரைபலகை முன் அமர்வார். இவ்வாறு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பயணங்கள். அவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. இத்தொழிலில் ஒரு பெண் உச்சியை எய்த அந்நாளில் என்ன விலை கேட்கப்பட்டது என்பதற்கு அவரது தொடர்வண்டிச் சீட்டுகளைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இலண்டன்: மாலை நேரத்தில் பிறந்த கல்வி

இங்கிலாந்தின் மரபு வேறு. அங்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக்கலை ஒரு பள்ளிப் பாடமாக இருக்கவில்லை. இளைஞர் ஒருவர் பணம் கட்டி, பொதுவாக ஐந்தாண்டு ஒப்பந்தத்தில், ஒரு கட்டடக்கலைஞரிடம் பயிற்சியாளராகச் சேர்வார். பகலெல்லாம் ஆசானின் வரைபடங்களைப் படியெடுப்பார். அதில் கல்வி எவ்வளவு, இலவச உழைப்பு எவ்வளவு என்பது ஆசானின் மனச்சான்றைப் பொறுத்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தம் மார்ட்டின் சசில்விட் புதினத்தில் படைத்த பெக்ஸ்னிஃப் என்னும் பாத்திரம், மாணவரிடம் பணமும் வாங்கி, அவர்களின் வரைவையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும் ஒரு கட்டடக்கலைஞன். 1840களின் வாசகர் அதனைக் கண்டு சிரித்தனர் எனின், அத்தகையோரை அவர்கள் கண்டிருந்தனர் என்பதே பொருள்.

இந்நிலையில் மனநிறைவடையாத இலண்டன் பயிற்சியாளர் சிலர் 1847இல் தாமே கூடி ஒரு கழகத்தை நிறுவினர். இன்று உலகெங்கும் அறியப்பட்ட கட்டடக்கலைக் கழகப் பள்ளி அதன் வழித்தோன்றலே. பகலில் ஆசானுக்கு உழைத்தவர்கள் மாலையில் ஒன்றுகூடி ஒருவர் வரைவை மற்றவர் திறனாய்ந்து கற்றுக்கொண்டனர். அக்கழகம் பகல்நேரப் பள்ளியைத் தொடங்கியது 1901இல்தான். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆங்கில நாட்டுக் கட்டடக்கலைக் கல்வியின் ஒரு பெரும்பகுதி விளக்கொளியில் நடந்தது என்பதை இக்கட்டுரையாளர் முக்கியமாகக் கருதுகிறார். வேலை பகலுக்கு உரியது, கற்றல் இரவுக்கு உரியது என்ற பாகுபாடு அங்கே ஏற்பட்டு, இன்றுவரை பகுதிநேர மாணவரின் வாழ்வில் நீடிக்கின்றது.

அம்மாலைக் கூட்டங்களில் பெண்களுக்கு இடமில்லை. எதெல் சார்லஸ், பெஸ்ஸி சார்லஸ் என்னும் உடன்பிறந்தோர் 1893இல் கேட்டபோது கழகம் மறுத்தது. எதெல் 1898இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரானார். மாலைக் கழகம் பெண்களுக்குக் கதவு திறந்தது 1917இல். போருக்குச் சென்ற ஆண்களின் நாற்காலிகள் அப்போது வெறுமையாயிருந்தன.

அதே நகரில் மிகையான உழைப்பின் முதற் பெருஞ்சின்னமும் நிற்கின்றது. 1834ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த நாடாளுமன்ற மாளிகையை மீளக் கட்டும் போட்டியில் சார்லஸ் பாரி வென்றார். அவருக்காகக் கோதிக் பாணி அணிவேலைகளை வரைந்து தந்தவர் அகஸ்டஸ் பியூஜின். சுவர்த்தாள், தரை ஓடு, மைக்கூடு வரை அம்மாளிகையின் நுண்ணுறுப்புகள் அவர் கையினின்று பிறந்தவை. தேம்சுக் கரையில் நிற்கும் மணிக்கூண்டு அவரது கடைசிப் பணிகளுள் ஒன்று. அதனை வரைந்த 1852ஆம் ஆண்டிலேயே மனம் சிதைந்து, தம் 40ஆம் வயதில் மறைந்தார். அவர் நோயின் காரணம் பற்றி மருத்துவ வரலாற்றாசிரியரிடையே வேறுபாடு உண்டு. அவரது உழைப்பின் அளவு பற்றி வேறுபாடில்லை. உலகமே நேரம் பார்க்கும் ஒரு கடிகாரத்தை வரைந்தவர் தம் நேரத்தை எண்ணாதவராக இருந்தார்.

விழுக்காட்டில் மறைந்த மணிகள்

இவ்வாறு உழைப்பது கலையார்வத்தால் என்றே நெடுங்காலம் விளக்கப்பட்டது. ஆர்வம் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓவியரும் இசைவாணரும் ஆர்வமுடையோரே. கட்டடக்கலை அலுவலகத்தில் மட்டும் இரவு விளக்கு ஏன் இத்துணை ஒழுங்காக எரிகின்றது என்பதற்குக் கணக்கேட்டில் ஒரு விடை உள்ளது.

வழக்கறிஞர் பலர் தம் கட்டணத்தை மணிக்கணக்கில் பெறுகின்றனர். ஒரு மணிநேரம் கூடுதலாக உழைத்தால் அது கட்டணச் சீட்டில் ஏறும். கட்டடக்கலைஞரின் கட்டணம் மரபாகக் கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூற்றுக்கு 5 என்பது வழக்கம். ஒரு படிக்கட்டைப் பத்து முறை திருத்தி வரைந்தாலும் ஒரே முறை வரைந்தாலும் வருவாய் ஒன்றே. ஆகவே அலுவலகத்திற்குக் கிடைக்கும் கூடுதல் மணி ஒவ்வொன்றும் உதவியாளரின் மாலையிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குத் தனி ஊதியம் இல்லாதவரை அலுவலகத்திற்கு அது செலவே அன்று. செலவில்லாத பொருளை எவரும் சிக்கனமாகப் பயன்படுத்துவதில்லை.

பிரித்தானிய ஏகபோக ஆணையம் 1977இல் இக்கட்டண முறையை ஆராய்ந்து குறைகூறியது. 1982இல் கட்டாயக் கட்டண அளவு கைவிடப்பட்டது. அதன்பின் அலுவலகங்கள் ஒன்றையொன்று விலையில் வெல்ல வேண்டியதாயிற்று. வாடிக்கையாளருக்கு அது நன்மையாக இருந்திருக்கலாம். கட்டணம் குறைந்தது, வரைபடத்தின் எண்ணிக்கை குறையவில்லை; இடைவெளியை நிரப்பியவை உதவியாளரின் மணிகளே என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

கணினியும் எதிர்பார்த்த ஓய்வைத் தரவில்லை. டிரேசிங் தாளில் மைக்கோடு போட்ட காலத்தில் ஒரு சுவரை நகர்த்துவது எளிதன்று. பிளேடால் மையைச் சுரண்டி, தாள் கிழியாமல் தேய்த்து, மீண்டும் கோடிட வேண்டும். ஆதலால் ஒரு கட்டத்திற்குமேல் தலைமைக் கலைஞரே மாற்றம் கேட்கத் தயங்குவார். கணினித் திரையில் சுவர் ஒரு சொடுக்கில் நகர்கின்றது. எனவே கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கும் நகர்கின்றது. அதைத் தொடர்ந்து கதவும், சாளரமும், குழாயும், இருபது வரைபடங்களும் நகர வேண்டியிருக்கின்றது.

இந்த வரிகளை எழுதுபவர் 1990களில் இலண்டனில் ஓர் அலுவலகத்தில் வரைஞராகப் பணியாற்றியவர். மூத்தவர் ஒருவர் மாலையில் புறப்படும்போது தம் மேற்சட்டையை நாற்காலியிலேயே தொங்கவிட்டுச் செல்வார். எங்கோ அருகில் இருக்கிறார் என்று பிறர் எண்ணிக்கொள்வர். காலையில் ஏழு மணிக்கே வந்து, தம் வேலையை முடித்து, மாலை ஐந்தரைக்குக் குழந்தையை அழைத்துவரப் புறப்பட்ட தமிழ்ப் பெண்ணொருத்தியிடம், "இன்று அரைநாள் விடுப்போ?" என்று நகைத்துக் கேட்டதையும் அவர் கேட்டிருக்கிறார். அப்பெண் இரண்டாண்டில் அவ்வலுவலகத்தை விட்டு விலகினாள். நகைத்தோர் கூட்டத்தில் தாமும் இருந்ததை இங்கே பதிவுசெய்வது நேர்மை.

மாலையில் விளக்கணைத்த அலுவலகங்கள்

எல்லாக் கட்டடக்கலை அலுவலகங்களும் அவ்வாறு இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டு பிரித்தானியாவின் மிகச் சிறந்த மக்கள் குடியிருப்புகள், பள்ளிகள், நூலகங்கள் பலவும் வரையறுத்த நேரத்தில் பணி முடிந்த பொது அலுவலகங்களில் உருவானவை. இது அடிக்கடி மறக்கப்படுகின்றது.

1889இல் தோன்றிய இலண்டன் மாவட்ட மன்றம் தனக்கெனக் கட்டடக்கலைத் துறையை வளர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அத்துறை உலகின் பெரிய கட்டடக்கலை அலுவலகங்களுள் ஒன்றாயிற்று. 1951இல் திறக்கப்பட்ட அரச விழா மண்டபம் அதன் படைப்பு. அங்குப் பணிபுரிந்தோர் மன்றத்தின் ஊழியர்: மாத ஊதியம், ஓய்வூதியம், குறித்த பணிநேரம், ஆண்டு விடுப்பு. கட்டடக்கலை உதவியாளருக்கான தொழிற்சங்கம் 1919இலேயே அமைந்திருந்ததும் இதற்குத் துணைநின்றது. 1970களின் இடைப்பகுதியில் பிரித்தானியக் கட்டடக்கலைஞரில் ஏறத்தாழ பாதிப்பேர் பொதுத்துறையில் இருந்தனர். இன்று அத்தொகை நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

பெண்கள் பெரிய கட்டடங்களைத் தம் பெயரில் வரையும் வாய்ப்பைப் பெற்றதும் இவ்வலுவலகங்களிலேதான் என்பது தற்செயல் அன்று. அரசுப் பணியில் மணமான பெண்களுக்கு இருந்த தடை 1946இல் நீங்கியது. 1950இல் இலண்டன் மாவட்ட மன்றத்தில் சேர்ந்த ரோஸ்மேரி ஸ்டெர்ன்ஸ்டெட் ரோகாம்ப்டனில் ஆல்ட்டன் கிழக்குக் குடியிருப்பை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். கேட் மாக்கின்டோஷ் தம் இருபதுகளில், சதர்க் நகர மன்ற ஊழியராக, டாசன்ஸ் ஹைட்ஸ் என்னும் ஏறத்தாழ 300 வீடுகள் கொண்ட குடியிருப்பை வரைந்தார். தென்கிழக்கு இலண்டனில் வாழும் தமிழர் பலர் அக்குன்றுமேல் படிப்படியாக எழும் அவ்விரு கட்டடங்களை நாள்தோறும் காண்கின்றனர்.

நெகிழ்வான பணிநேரம் என்னும் ஏற்பாடும் முதலில் பெரிய நிறுவனங்களுக்கு உரியதாகவே பிறந்தது. 1967இல் மேற்கு செருமனியில் மியூனிக் நகரருகே ஒட்டோபுரூன் என்னும் ஊரில் இருந்த வானூர்தி நிறுவனம் அதனைக் கையாண்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து சாலை அடைபட்டது. கிறிஸ்டல் கெமரர் என்னும் பொருளியல் அறிஞரின் கருத்தைப் பின்பற்றி, அனைவரும் இருந்தே தீரவேண்டிய நடுப்பொழுதை மட்டும் குறித்து, வரும் நேரமும் போகும் நேரமும் ஊழியர் விருப்பத்துக்கு விடப்பட்டன. 1970களில் இம்முறை பிரித்தானியாவுக்கும் வந்தது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. நேரத்தை நெகிழ்த்துவதற்கு முன் அதனை அளந்தாக வேண்டும். வந்த நேரம், போன நேரம், கூடுதலாக உழைத்த மணி ஆகியன பதிவான இடத்தில்தான் அக்கூடுதல் மணியை விடுப்பாகத் திரும்பப் பெறலாம். அளவே இல்லாத தனியார் வரைகூடத்தில் நெகிழ்வு என்பது பெரும்பாலும் ஒரே திசையில், இரவை நோக்கி மட்டும், நெகிழ்ந்தது.

மேட்ரிக்ஸ்: குழந்தையோடு வந்த கட்டடக்கலை

பொது அலுவலகங்கள் ஒடுங்கத் தொடங்கிய 1980களின் தொடக்கத்தில் இலண்டனில் மேட்ரிக்ஸ் என்னும் பெண்கள் கூட்டுறவு அமைந்தது. அதில் தலைவர் இல்லை. ஊதியம் அனைவருக்கும் சமம். குழந்தை வளர்ப்போர் பகுதிநேரமாகப் பணிபுரிய இடமிருந்தது. 1984இல் வெளியான அவர்களின் நூல், ஆண்கள் வரைந்த வீட்டிலும் நகரிலும் பெண்கள் எவ்வாறு வாழ நேர்கின்றது என்பதை ஆராய்ந்தது.

அவர்களின் பணிகளுள் நம் கருத்துக்கு உரியது வைட்சேப்பலில் 1987இல் நிறைவெய்திய ஜாகொனாரி என்னும் தெற்காசியப் பெண்கள் மையம். அதனை வேண்டியவர்கள் பெரும்பாலும் வங்காளதேசப் பின்னணியினர். மேட்ரிக்ஸ் குழுவினர் அவர்களை வரைபடம் படிக்கப் பழக்கினர்; ஒருநாள் அனைவரும் தெருத்தெருவாக நடந்து எந்தச் செங்கல் தங்களுக்குப் பிடிக்கின்றது என்று பார்த்தனர். கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் இடம்பெற்றது. இத்தகைய கலந்துரையாடலுக்கு ஆகும் மணிகளை விழுக்காட்டுக் கட்டணம் ஏற்காது. பெருநகர இலண்டன் மன்றத்தின் நிதி அதனை ஏற்றது. 1986இல் அம்மன்றம் கலைக்கப்பட்டபின் அத்தகைய வேலைகள் அருகின. மேட்ரிக்ஸ் 1990களின் நடுவில் முடிவுக்கு வந்தது. நல்ல பணிநேரம் என்பது நல்லெண்ணத்தால் மட்டும் அமைவதில்லை, யாரோ ஒருவர் அதற்குரிய பணத்தைத் தரவேண்டும் என்பதை அதன் வரலாறு கூறுகின்றது.

சட்டமும் கையொப்பமும்

பிரித்தானியாவில் 1998 அக்டோபர் 1 முதல் பணிநேர விதிகள் நடைமுறைக்கு வந்தன. 17 வாரச் சராசரியில் வாரம் 48 மணிநேரத்திற்குமேல் ஒருவரைப் பணிபுரியச் செய்தல் கூடாது. ஆனால் ஊழியர் விரும்பினால் இவ்வரம்பைத் தமக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். புதிதாய்ச் சேரும் இளைஞர் பணியமர்த்தல் தாள்களோடு அந்தத் தாளிலும் கையொப்பமிடுவது கட்டடக்கலை அலுவலகங்களில் பழக்கமாயிற்று. விருப்பம் என்னும் சொல் அங்கு எவ்வளவு மெலிந்து நிற்கின்றது என்பதை முதல் வேலைக்குச் சென்ற எவரும் அறிவர்.

பெண்கள் கட்டடக்கலையை விட்டு விலகுவது ஏன் என்று ஆராயும் பொறுப்பை அரச கட்டடக்கலைஞர் கழகம் மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. 2003இல் வெளியான அவ்வறிக்கையின்படி மாணவரில் பெண்கள் 37 விழுக்காடு. தொழில் செய்வோரில் 13 விழுக்காடு. குறைந்த ஊதியம், நீண்ட பணிநேரம், குடும்ப வாழ்வுக்கு ஒவ்வாத இறுக்கமான நேர ஒழுங்கு, ஓரங்கட்டப்படுதல் ஆகியவற்றை விலகியோர் காரணமாகக் கூறினர். எந்த ஒரு காரணமும் தனித்து நிற்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கனத்தன. இன்று பதிவுபெற்ற கட்டடக்கலைஞரில் பெண்கள் ஏறத்தாழ பத்தில் மூவர்.

அதே 2003 ஏப்ரலில், சிறு குழந்தைகளின் பெற்றோர் நெகிழ்வான நேரம் கேட்கும் உரிமையைச் சட்டம் அளித்தது. 2014 சூன் 30 முதல் 26 வாரம் பணிபுரிந்த ஊழியர் அனைவருக்கும், 2024 ஏப்ரல் 6 முதல் பணியில் சேரும் முதல் நாளிலேயே அவ்வுரிமை விரிந்தது. அது கேட்கும் உரிமை மட்டுமே; சட்டம் பட்டியலிட்ட வணிகக் காரணம் ஒன்றைச் சுட்டி முதலாளி மறுக்கலாம். இதற்கிடையே 2019இல் கட்டடக்கலைத் தொழிலாளர் மீண்டும் ஒரு சங்கப் பிரிவைத் தொடங்கினர். 1919ஆம் ஆண்டுச் சங்கத்திற்கும் இதற்கும் இடையே நூறாண்டு. ஊதியமில்லாக் கூடுதல் நேரம் என்னும் முறையீடு இரண்டிலும் முன்னிற்கின்றது.

2020இன் பெருந்தொற்று வரைபலகையை வீட்டுச் சமையலறை மேசைக்குக் கொண்டுசென்றது. வீட்டிலிருந்து கட்டடம் வரைய இயலாது என்று அதுவரை கூறியவர்கள் ஒரே வாரத்தில் வரைந்து காட்டினர்.

சிற்பியின் நேரம்

தமிழ் மரபில் இதற்கு மாறான ஒரு கால உணர்வு உண்டு என்பதைக் கூறாமற் செல்லலாகாது. அமெரிக்காவின் அவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்னும் தீவில் எழுந்துள்ள இறைவன் கோயிலைத் திட்டமிட்டவர் வை. கணபதி ஸ்தபதி. மாமல்லபுரச் சிற்பக் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவரும், குமரிமுனைத் திருவள்ளுவர் சிலையை உருவாக்கியவரும் அவரே. அக்கோயிலின் கற்கள் 1990களின் தொடக்கம் முதல் பெங்களூருக்கு அருகே ஒரு சிற்றூரில் உளியும் சுத்தியலும் கொண்டு கையால் செதுக்கப்பட்டுக் கப்பலேறின. குடமுழுக்கு 2023இல் நடந்தது. ஸ்தபதி 2011இலேயே மறைந்துவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பணியில் கல்லின் கடினமும் நன்கொடையின் வரத்துமே வேகத்தை வகுத்தன.

இதனை வைத்து நம் முன்னோர் ஓய்வாக உழைத்தனர் என்று பெருமை பேசுவது தவறாகும். சிற்பிகள் குடும்பத்தை விட்டுப் பல மாதம், சிலவேளை பல ஆண்டு, பணியிடத்தில் தங்குகின்றனர். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நாம் எழுப்பும் கோயில்களுக்குத் தமிழகத்தினின்று வருவோரின் நிலையும் அதுவே. குடமுழுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டால், அந்நாள் நெருங்குகையில் சுதைவேலை நடக்கும் சாரத்தின்மேல் விளக்கு எரிவதை நம் ஊர்க் கோயில்களிலும் கண்டிருக்கிறோம். அவ்வுழைப்பாளரின் பணிநேரம் பற்றிக் கோயில் நிருவாகத்தார் ஏடு வைத்திருப்பின், வருங்கால ஆய்வாளருக்கு அது அரிய சான்றாகும்.

சென்னையின் காலை

இன்று இலண்டன் அலுவலகத்தின் இரவு வேலையில் ஒரு பகுதி இலண்டனில் நடைபெறுவதில்லை. மேலை நாட்டு அலுவலகங்களுக்கு வரைபடமும் முப்பரிமாண மாதிரியும் ஆக்கித்தரும் நிறுவனங்கள் இந்தியாவில் பல உள்ளன, சென்னையிலும் உள்ளன. குளிர்காலத்தில் சென்னை இலண்டனைவிட ஐந்தரை மணி முந்தியது. இலண்டன் கலைஞர் மாலை ஆறு மணிக்குச் சிவப்பு மையால் திருத்தம் குறித்து அனுப்புகிறார். அப்போது சென்னையில் இரவு 11.30. சென்னை வரைஞர் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும்போது இலண்டன் உறங்குகின்றது. இலண்டனில் ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது சென்னையில் பிற்பகல் 2.30, திருத்திய வரைபடம் திரையில் காத்திருக்கின்றது. பாரிசு மாணவர் வண்டியின்மேல் அமர்ந்து கழித்த இரவு, நிலவுருண்டையின் சுழற்சியால் மற்றொருவரின் பகலாக மாற்றப்பட்டுள்ளது.

கேட்பதற்கு இது இருவருக்கும் நல்ல ஏற்பாடாகத் தோன்றும். நடைமுறையில் இலண்டன் கலைஞருக்கு விளக்கம் தேவைப்படும் வேளை அவரது பிற்பகல். அது சென்னையின் இரவு. நியூயார்க்கோடு பணிபுரிவோருக்கு இடைவெளி பத்தரை மணி. அங்குக் காலைக் கூட்டம் ஒன்பது மணிக்கெனில் இங்கு இரவு 7.30. மாலை எனும் பொழுது அவர்கள் நாளில் இல்லை. அச்சென்னை வரைகூடங்களில் பணிபுரியும் இளைஞரிலும் பெண்கள் உண்டு. மகப்பேற்றுக்குப்பின் அவர்களில் எத்தனைபேர் திரும்புகின்றனர், இரவுக் கூட்டத்திற்குரிய மணி எந்தக் கணக்கில் ஏறுகின்றது என்பன இனி ஆராயப்பட வேண்டியவை. பிரித்தானியக் கட்டடக்கலைஞரின் பணிநேரத்தை அளக்கும் ஆய்வுகள் பிரித்தானியாவில் பதிவுபெற்றோரிடமே வினாத்தாளை அனுப்புகின்றன. கட்டடத்தின் பெயர்ப்பலகையில் இடம்பெறாத சென்னை வரைஞரிடம் அவ்வினாத்தாள் செல்வதில்லை.